கோப்பி ஓட்டம்

"பத்து நிமிசமா? இதுக்கு நடந்தே வந்திரிக்கலாமே!"

மசூர் கோபத்தில் கையிலிருந்த ஸ்டொப் வொட்ச்சைத் தட்டித் தட்டிப் பார்த்தான். பாண்டிருப்புக் கடற்கரையில் ஒரு கிலோமீற்றர் ஓடச் சொன்னால், கரைவலை இழுக்கிற எட்டு மீனவர்களும் சாமி ஊர்வலம் போல அசைந்து வருகிறார்கள். அதுவும் கோப்பி குடித்துவிட்டு!

கோப்பி குடித்தால் ஓட்டம் கூடுமா என்பதுதான் அவன் ஆராய்ச்சி. அவன் கல்லூரியொன்றில் தற்காலிக விளையாட்டுப் பயிற்றுநர். வியாழன் பின்னேரத்துக்குள் அறிக்கை கொடுத்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டில் இருக்க வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை கோப்பியும் இல்லை, படிவமும் அச்சாகி வரவில்லை, சும்மாதான் ஓடவிட்டான். ஐந்து நிமிடத்தில் பறந்து வந்தார்கள். இன்று, திங்கட்கிழமை, கோப்பியும் படிவமுமாக வந்தான், பத்து நிமிடம்!

கோப்பி ஊற்றும் செல்லத்தங்கத்தின் மேல் பாய்ந்தான்.

"என்னக்கா இது, கழுவின தண்ணியா? நாலு கரண்டி கூடப் போடுங்க!"

"போடுறன் சேர்" என்றாள் அவள், முகத்தைச் சுளித்துக்கொண்டு.

செவ்வாய்க்கிழமை கோப்பி தார் மாதிரி இருந்தது. பன்னிரண்டு நிமிடம்.

மசூருக்கு மூக்கு நுனியில் கோபம். "நாளைக்குப் பிந்தி வாறவங்கட பேரையெல்லாம் தனிப் படிவத்தில எழுதுவன், பாத்துக்கங்க!" என்று கத்தினான்.

புதன்கிழமை எட்டுப் பேரும் தவழாத குறை. செல்லத்தங்கத்தின் புருசன் சாமித்தம்பி பாதி வழியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மணலில் குந்திவிட்டார்.

"பேரை வடிவா எழுதினீங்களா சேர்? சாமித்தம்பி. தகரக் கொட்டில் இலக்கம் பதினாலு."

"எழுதிட்டன் அண்ணன், எழுதிட்டன்!" பல்லைக் கடித்தான் மசூர். ஆனாலும், ஆள் செத்துக்கித்துப் போனால் ஆர் பதில் சொல்வது? பயத்தில் சாமித்தம்பிக்கு ஒரு பெட்டி குளுக்கோஸ் கொடுத்தான்.

வியாழன் காலை ஓட்டம் தொடங்கும் கோட்டிலேயே மூன்று பேர் படுத்திருந்தார்கள். ஒருவரைத் தம்பிமார் தூக்கிவந்தார்கள். சாமித்தம்பி கண்ணை மூடி முனகினார்.

"யா அல்லாஹ்!" படிவங்களை மணலில் வீசினான் மசூர். "இண்டைக்குப் பின்னேரம் நான் என்னத்தக் குடுக்கிற? கோப்பிக்குள்ள என்னத்தக் கலக்குறீங்க? என்ட வேலையில மண் போடவா எல்லாரும் சேந்து நிக்கிறீங்க?"

நாலு நாளாகப் பொறுத்த செல்லத்தங்கத்துக்கும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கோப்பிக் கேத்திலை நிலத்தில் இடித்து வைத்தாள்.

"கோப்பில ஒரு பிழையும் இல்ல சேர். சுனாமி முடிஞ்ச கையோட நிவாரணம் குடுக்கிற ஆக்களும் இப்பிடித்தான் பேப்பரோட வந்து, ஆருக்கு ஏலாது எண்டு கேட்டு எழுதினாங்க. 'எனக்கு எல்லாம் ஏலும்' எண்டு நெஞ்சை நிமித்திச் சொன்ன எங்கட மனிசனுக்கு மட்டுந்தான் இண்டுவரைக்கும் வள்ளமில்ல!"