தேன்மொழியின் காய்கறி மயில்

விருந்துக்குத் தட்டு கொண்டுவருகிற ஓர் இனம் நம்மிடையே உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். பிறந்தநாளோ புதுமனை புகுவிழாவோ, மண்டப வாசலில் ஒருவர் பக்கவாட்டில் நடந்து வருவார், ஏனென்றால் கையிலிருக்கும் தட்டு வாசலைவிட அகலம். தட்டின் மேல் ஈ மொய்க்காமலிருக்க மெல்லிய வலை, வலையைச் சுற்றித் தங்க நிற ரிப்பன், வலைக்குள்ளே விரல் நீளத்துக்கு நறுக்கிய காரட், வெள்ளரிக்காய், மூன்று நிறக் குடைமிளகாய், ஊதா முட்டைக்கோஸ், ப்ரோக்கோலி, குட்டித் தக்காளி, இவற்றுக்கு நடுவே மூன்று கிண்ணங்களில் தொட்டுக்கொள்ள ஏதோ ஒன்று. அதற்குப் பெயர் டிப். தெரியாமல் சட்னி என்று சொல்லிவிட்டீர்களோ, அன்றைக்கு உங்களோடு பேச்சு கிடையாது.

இவர்களை அடையாளம் காண்பது சுலபம். எல்லாரும் பொண்ணு மாப்பிள்ளையைப் பார்க்கும்போது இவர்கள் மட்டும் சாப்பாட்டு மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆண்களிலும் உண்டு; தர்பூசணியில் அன்னம் செதுக்கி எடுத்துவரும் அண்ணன்மார்களை நீங்கள் சந்தித்ததே இல்லை என்றால் நீங்கள் மலேசியாவில், அதுவும் ஜொகூரில், ஒழுங்காக விருந்துக்குப் போவதில்லை என்று அர்த்தம். ஆனாலும் இந்த இனத்தின் சுத்தமான மாதிரி யார் என்று கேட்டால், கூலாயில் இருக்கும் தேன்மொழியைத்தான் காட்ட வேண்டும்.

தேன்மொழிக்கு நாற்பத்தெட்டு வயது. கெலாங் பாத்தாவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. பதினெட்டு வருஷமாகப் பூதக்கண்ணாடிக்குள் சர்க்யூட் பலகைகளைப் பார்த்து, ஆகும், ஆகாது என்று பிரித்துப் போட்ட கண்கள். அந்தக் கண்கள் ஒரு காரட்டைப் பார்த்தால் சும்மா விடுமா?

விருந்து நாளில் விடியற்காலை ஐந்து மணிக்கு அவள் வீட்டுச் சமையலறையில் விளக்கு எரியும். பள்ளிக்கூட ஸ்கேலை வைத்துக் காரட்டை எட்டு சென்டிமீட்டருக்கு நறுக்குவாள். ஏழரை வந்தால் ஆகாது. லேசாக வளைந்திருந்தால் ஆகாது. குடைமிளகாயில் நகம் பட்ட தடம் தெரிந்தால் அதுவும் ஆகாது. ஆகாதவை எல்லாம் ஒரு பேசினுக்குள் விழும். அந்தப் பேசினுக்குப் பக்கத்தில், சிங்கப்பூருக்கு லாரி ஓட்டுகிற அவள் கணவர் காளியப்பன், கைலியோடு நின்றுகொண்டு, விழ விழ எடுத்து, கிண்ணத்தில் வழித்தது போக மிஞ்சிய புதினா டிப்பில் தோய்த்துக் கடித்துக்கொண்டிருப்பார்.

"நல்லா இருக்கு தேனு."

"அது ரிஜக்ட்டுங்க."

"ரிஜக்ட்டுதான் நல்லா இருக்கு."

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். இத்தனை வருஷத்தில் தேன்மொழி நறுக்கிய காய்கறிகளில் மனித வயிற்றுக்குள் பச்சையாகப் போய்ச் சேர்ந்தவை அந்த ரிஜக்ட்டுகள் மட்டும்தான். தேர்வானவை விருந்துக்குப் போகும், புகழ் வாங்கும், வாடிப்போய்த் திரும்பி வரும், மறுநாள் முதல் மூன்று நாளைக்கு அவள் வீட்டுச் சாம்பாரில் மிதக்கும்.

ஏன் யாரும் சாப்பிடுவதில்லை? இந்தக் கேள்வி தேன்மொழியைப் பல வருஷமாக அரித்துக்கொண்டிருந்தது. பிரியாணியையும் ஆட்டிறைச்சிப் பிரட்டலையும் கண்ட ஜனங்களுக்கு நாக்கு செத்துப்போய்விட்டது என்பது அவள் கருத்து. நமக்கு வேறு கருத்து உண்டு. அவள் தட்டுக்குப் பக்கத்தில் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். "சாப்பிடுங்க, சாப்பிடுங்க, எல்லாம் சாப்பிடத்தான்" என்று வாய் சொல்லும். இரண்டு கைகளும் தட்டுக்கு வேலி போட்டிருக்கும். யாராவது கை நீட்டினால், "இருங்க, போட்டோ எடுத்துக்கட்டும்." போட்டோ எடுத்த பிறகு கை நீட்டினால், "இன்னும் நாத்தனார் மகன் தீபன் வரல, அவனும் பார்க்கட்டும்." தீபனும் வந்து பார்த்த பிறகு நீட்டினால், "இந்தப் பக்கத்துலருந்து எடுங்க, அது வால்." இந்தப் பக்கத்திலிருந்து எடுக்கப் போனால், "ஐயோ, அது கண்ணு."

கண்ணைப் பிடுங்கித் தின்ன யாருக்கு மனசு வரும்? ஜனங்கள் பிரியாணிப் பக்கம் போய்விடுவார்கள்.

இதற்கு விலக்காக ஒருவர் இருந்தார், ஐயாசாமி மாமா. காளியப்பனின் சித்தப்பா. சர்க்கரை வியாதி, பச்சைக் காய்கறி நிறையச் சாப்பிடச் சொல்லி டாக்டர் எழுதியே கொடுத்திருக்கிறார். ஜொகூர் மாநிலத்திலேயே தேன்மொழியின் தட்டை உள்ளபடி தின்ன விரும்பிய ஒரே ஜீவன். போன தீபாவளிக்கு அவர் மூன்று முறை வெள்ளரிக்காய்க்குக் கை நீட்டி, மூன்று முறையும் "மாமா, கொஞ்சம் இருங்க" என்று கேட்டு, கடைசியில் இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போனார்.

விஷயம் முற்றியது தீபன் பிறந்தநாளில். தீபனின் அம்மா ராஜம்மா, காளியப்பனின் அக்கா, எட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "தேனு தட்ட கண்ணாடிப் பெட்டில வச்சி பூட்டிடலாம் லா. சாப்பாடு வேற யாராச்சும் கொண்டாங்க."

எட்டுப் பேரும் சிரித்தார்கள். தேன்மொழியும் சிரித்தாள்.  வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உள்ளே வலித்தது. பத்து வருஷமாக விடியலில் எழுந்து நறுக்கியதற்கு இதுதானா பேர்? ராஜம்மாவின் மகள் ஷர்மினியின் நிச்சயதார்த்தம் இரண்டு மாதத்தில் வரப்போகிறது. அன்றைக்குத் தட்டு காலியாகத் திரும்பி வர வேண்டும். ஒரே ஒரு முறை. அந்தக் காலித் தட்டை ராஜம்மா கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கு என்ன செய்யலாம் என்று தேன்மொழி இரண்டு மாதம் யோசித்தாள். யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். தட்டை இன்னும் அழகாகச் செய்வது.

ஒரு மயில் செய்தாள். இப்படி ஒன்றை அதுவரைக்கும் அவளே செய்ததில்லை. உடம்புக்கு ப்ரோக்கோலி, கழுத்துக்கு ஊதா முட்டைக்கோஸ், தோகைக்கு ஏழு வரிசை, வரிசைக்கு ஏழு இறகு, ஒவ்வோர் இறகு நுனியிலும் முள்ளங்கி வில்லை மேல் பாதித் தக்காளி வைத்த கண். மொத்தம் நாற்பத்தொன்பது கண்கள். ஒரு கிண்ணத்தில் கொண்டைக்கடலை டிப், ஒன்றில் புதினாத் தயிர், ஒன்றில் பீட்ரூட் போட்ட ரோஸ் நிறத் தயிர். காளியப்பன் பார்த்தார். "இதப் போயி யாரு சாப்பிடுவா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அவளுக்குக் காது கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கே கூலாயில் உள்ள மண்டபத்துக்குப் போய்விட்டாள். சமையல்காரர்கள் இன்னும் மேசை விரிக்கவில்லை. அவள் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தாள். மேடைக்குப் பக்கத்தில் ஒரு நீள மேசை, சிவப்புத் துணி போட்டது. அங்கேதான் விளக்கு வெளிச்சம் நன்றாக விழுந்தது. அது பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கும் சீர்த்தட்டுகள் வைத்த மேசை. பூத்தட்டு, பழத்தட்டு, சேலைத்தட்டு, எல்லாம் வலையும் ரிப்பனுமாக வரிசையில் நின்றன. தேன்மொழி தன் தட்டை அதன் ஓரத்தில் வைத்தாள். ஐந்து நிமிஷம்தான். ஒரு போட்டோ. போட்டோக்காரர் கவினைக் கூட்டிவரப் போனாள்.

கவின் ஷர்மினிக்கு ஜடை அலங்காரம் செய்யும் அறையில் இருந்தார். வரமாட்டேன் என்றார். அவள் விடவில்லை. இதிலே ஒன்றரை மணி நேரம் போயிற்று.

இங்கே மேடைக்குப் பக்கத்தில் வேறு கவலை. சீர்த்தட்டு ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். பதினொன்று என்று ராஜம்மா கணக்கு. பதினோராவது லட்டுத் தட்டு. அதைச் சிங்கப்பூரில் வாங்கி எடுத்துவரும் ஹேமநாதன், ராஜம்மாவின் தம்பி முறை, எல்லையின் இரண்டாவது பாலத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டு நிற்கிறான். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் பிறந்துவிடும். மணி பதினொன்றரை. தட்டுகளுக்குப் பொறுப்பாக நின்ற அலங்காரக்காரப் பெண் லோஷினியிடம் ராஜம்மா கேட்டாள்:

"எண்ணிப் பாரு ம்மா. பத்துதானே இருக்கு?"

லோஷினி விரல் வைத்து எண்ணினாள். "பதினொன்னு ஆன்ட்டி. சரியா இருக்கு."

ராஜம்மாவுக்கு உயிர் வந்தது. லட்டு வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தாள். யாராவது திரும்பிப் பார்த்தார்களா? பார்க்க நேரம் எங்கே? "தூக்குங்க தூக்குங்க" என்றாள்.

தேன்மொழி கவினை இழுத்துக்கொண்டு வந்தபோது நாதஸ்வரம் ஆரம்பித்திருந்தது. பட்டுச்சேலைப் பெண்கள் பதினொரு பேர் மேடையில் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தார்கள். "மயில் தட்ட நடுவுல வைங்க கா, அதுதான் தூக்கலா இருக்கு" என்று லோஷினி கீழே இருந்து கைகாட்டினாள். மயில் நடுவில் போய் உட்கார்ந்தது. மாப்பிள்ளை ஜீவனின் அம்மா, தங்காக்கில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம், சேலைகளில் பார்க்காத வேலைப்பாடு கிடையாது, அந்த அம்மாள் குனிந்து பார்த்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏய், அது நம்ம காரட்டு" என்றார் காளியப்பன், மனைவியின் காதருகில். "சொல்லிடவா? இப்பவே சொன்னா இறக்கிடலாம். சாப்பாட்டு மேசைக்குக் கொண்டு போயிடலாம்."

தேன்மொழி மேடையைப் பார்த்தாள். இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும், தட்டு இறங்கிவிடும். கீழே நாற்காலியில் ஐயாசாமி மாமா காகிதத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். இரண்டு மாதமாக அவள் காத்திருந்தது இதற்குத்தான். ஆனால் மேடையில் நான்கு விளக்குகள் மயில் மேல் விழுந்தன. முந்நூறு பேர் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். அவள் மனசு கொஞ்ச நேரம்தான் அல்லாடியது.

"சும்மா இருங்க" என்றாள் கணவரிடம். பிறகு கவினிடம் திரும்பி, "தம்பி, இடது பக்கத்துலருந்து எடுங்க. வால் முழுசா தெரியணும்."

தட்டு மாற்றி முடிந்தது. மாப்பிள்ளை வீட்டார் சீர் முழுவதையும் வேனில் ஏற்றிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஒரு மணிக்கு ஹேமநாதன் வந்தான், வேர்த்து விறுவிறுத்து, கையில் அட்டைப் பெட்டி. பெட்டி காரில் உருண்டதில் லட்டுகள் பாதி உடைந்து தூளாகிக் கிடந்தன. இனி இதை எங்கே வைப்பது? சாப்பாட்டு மேசையில் தேன்மொழியின் தட்டுக்கென்று விட்டிருந்த இடம் காலியாக இருந்தது. அங்கேயே பெட்டியைக் கவிழ்த்தான்.

பத்து நிமிஷம். ஒரு துணுக்கு மிச்சமில்லை. தூளைக் கூடக் கரண்டியால் வழித்தார்கள். ஐயாசாமி மாமா மட்டும் முதலில், "அந்த வெள்ளரிக்கா எங்கம்மா?" என்று இரண்டு பேரிடம் கேட்டுப் பார்த்தார், பிறகு மூன்று லட்டு எடுத்துக்கொண்டார். ராஜம்மா காலிப் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, "பாத்தியா தேனு, எப்படி போயிருச்சி" என்றாள். தேன்மொழிக்கு வயிறு எரிந்தது. அழகே இல்லாத, வடிவமே இல்லாத, உடைந்த லட்டு. அவள் தொழிற்சாலையில் அது முதல் பார்வையிலேயே ரிஜக்ட்.

புதன்கிழமை சாயங்காலம் தங்காக்கிலிருந்து போன் வந்தது. ஜீவனின் அம்மா.

"ராஜம்மாதான் நம்பர் குடுத்தாங்க. அந்த மயிலு நீங்க செஞ்சதாமே ம்மா. என்ன ஒரு கை உங்களுக்கு. எங்க சொந்தக்காரங்க எல்லாம் வந்து வந்து பார்த்துட்டுப் போறாங்க."

"சாப்பிட்டாங்களா?" என்றாள் தேன்மொழி.  "யாராச்சும் ஒரு காரட்டாவது எடுத்தாங்களா?"

"அலமாக், எப்படி ம்மா எடுப்போம்? சாமி ரூம்ல வச்சிட்டோம். சின்னப் பிள்ளைங்கள கூட உள்ள விடல." அந்த அம்மாள் கொஞ்சம் தயங்கினாள். "ஆனா நேத்துலருந்து ஒரு மாதிரி வாசம் வருது. கழுத்துல தண்ணி விட்டுருச்சி. அதான் கேக்கறேன், தூக்கிப் போடலாமா? குத்தம் ஒன்னும் இல்லையே?"

தேன்மொழி போனை மறு காதுக்கு மாற்றினாள். காளியப்பன் சோற்றில் கை வைத்தபடி அவள் முகத்தையே பார்த்தார். அவள் கண் கலங்கியிருந்தது. இப்போதாவது புரிந்திருக்கும், இனி ரிஜக்ட்டை எல்லாம் ஒரு பேசினில் அள்ளிப் போட்டு விருந்துக்கு எடுத்துப் போவாள் என்று அந்த மனுஷன் நினைத்தார் பாவம்.

"போடுங்க அக்கா" என்றாள் கடைசியில். "வால் பக்கம் இன்னும் நல்லா இருக்கா? போடறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க."

இப்படியும் ஒரு பிறவி உண்டா என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியைத் திறந்து, முன் வரிசையில் இருக்கும் பீங்கான் கோப்பைகளில் ஒன்றை எடுத்து, இன்றைக்கு அதில் ஒரு தேநீர் குடியுங்கள். கல்யாணத்துக்கு வந்த கோப்பைதானே? பிள்ளைக்கே கல்யாண வயது வந்துவிட்டது. யார் வருவார்கள் என்று அதைத் துடைத்துத் துடைத்து வைக்கிறீர்கள்? எடுங்கள். மனசு வரவில்லையா? ஒன்று உடைந்தால் செட்டு போய்விடுமே என்று கை பின்வாங்குகிறதா?

பரவாயில்லை, அலமாரியை மூடிவிடுங்கள். ஷர்மினி கல்யாணம் தை மாதத்தில் வருகிறது. பத்திரிகை உங்களுக்கும் வரும். தட்டுக்கு வேலி போடத் தேன்மொழிக்குத் துணைக்கு ஆள் வேண்டியிருக்கிறது.