மாப்பிள்ளையின் நாற்காலியும் பத்தாவது ஆல்பமும்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொண்டது. இங்கே நான் சுகம், அங்கே நீங்களும் என் மகளும் சுகமா என்று ஆரம்பிப்பதுதான் மரியாதை. ஆனால் இங்கே நான் சுகமாக இல்லை. அதற்குக் காரணம் நீங்கள். ஆகையால் மரியாதையை இந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

வேலை மாற்றலில் ஆறு மாதம் வெளியூர் போகிறோம் என்று உங்கள் ரெக்கார்ட் பிளேயரையும் இசைத்தட்டுகளையும் என் வீட்டில் இறக்கி வைத்தீர்கள். வைத்துவிட்டுப் போங்கள் என்றேன். அதோடு விட்டிருக்கலாம். சனிக்கிழமைதோறும் கூடி இசைத்தட்டு கேட்கும் உங்கள் ஜாஸ் வட்டத்து நாற்காலியையும் சேர்த்து என் தலையில் கட்டினீர்கள். "மாமா, மொத்தமே ஏழு நாற்காலிதான். காலியா கிடந்தா வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க. ஒரு பேங்க் மேனேஜர் நாலு வருஷமா காத்துக்கிட்டிருக்கார். சனிக்கிழமை சனிக்கிழமை போய் உட்கார்ந்துட்டு வாங்க. வட்டத்துப் பட்டியல்ல இருக்கிற பத்து ஆல்பத்துல நான் சேர்த்தது பத்தாவதா இருக்கு, அதை யாரும் தள்ளிவிடாம பார்த்துக்குங்க. வாயை மட்டும் திறக்காதீங்க" என்றீர்கள். வாயைத் திறக்காமல் காவல் காக்க நான் என்ன பூட்டா? டிரைவிங் டெஸ்ட் வைக்கும் அதிகாரியாக இருந்து பாதி ஊரை ஃபெயிலாக்கியவன் நான். என்னிடம் இப்படிச் சொன்ன முதல் ஆள் நீங்கள்தான். மகள் முகத்துக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

போனேன். பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல் மாடி. மருந்து வாடை. சொத்தைப் பல்லின் படத்துக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை. அதில் 'மனிதராகப் பிறந்தவர் கேட்டே தீரவேண்டிய பத்து ஆல்பங்கள்'. ஒன்று உள்ளே வரவேண்டுமானால் ஒன்று வெளியே போகவேண்டும், ஏழு பேரும் ஓட்டுப் போடவேண்டும் என்று சட்டம் வேறு. முதல் வாரமே எனக்குப் புரிந்துவிட்டது, இவர்கள் யாரும் ஜாஸ் கேட்க வரவில்லை, அடுத்தவன் கேட்டது தப்பு என்று சொல்ல வருகிறார்கள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று ஆளுக்கொரு முயலோடு வந்து உட்காருகிறார்கள். பல் டாக்டர் பாட்டுத் தொடங்கியதும் தலையைப் பின்னால் சாய்த்து வாயைப் பிளந்துகொள்வார். செயலாளராக இருக்கும் கல்லூரிப் பேராசிரியருக்கு நாலு பேருக்குத் தெரிந்த எதுவும் ஆகாது. "இது ரொம்பப் பேருக்குப் பிடிச்சிருக்கே, அதான் சந்தேகமா இருக்கு" என்பார். டைல்ஸ் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். விளிம்பு உடையாமல் தூக்கத் தெரிந்த கை என்று இசைத்தட்டைத் தொடும் உரிமை அவருக்கு மட்டும். மீதி மூன்று பேரும் தலையாட்டிகள். குருடனும் செவிடனும் கூத்துப் பார்த்த கதைதான், ஆனால் அந்தக் குருடனும் செவிடனும் பார்த்துவிட்டுக் கரும்பலகையில் எழுதவில்லை.

ஆனாலும் வாயைத் திறக்கவில்லை, போன சனிக்கிழமை வரை. அன்றைக்குப் பல் டாக்டர் ஒரு புது ஆல்பத்தோடு வந்தார். அது உள்ளே வந்தால் வெளியே போவது உங்களுடையது, ஏனென்றால் பத்தாவதாக நிற்பவனைத்தானே முதலில் தள்ளுவார்கள். முதல் பக்கம் ஓடியது. கச்சேரியில் நேராகப் பதிவு செய்தது. சாக்ஸபோன்காரர் ஏதோ சொல்ல வந்து சொல்லாமலே நிறுத்துகிறார், சபையில் எவனோ இரண்டு தடவை இருமுகிறான், உடனே பியானோ ஆரம்பிக்கிறது. பக்கம் முடிந்ததும் டைல்ஸ் கடைக்காரர் எழுந்து போய்த் தட்டை எடுத்தார், துடைத்தார், திருப்பினார், அந்தப் பக்கத்தையும் துடைத்தார், மறுபடி திருப்பினார், வைத்தார். யூ டர்ன் அடித்துவிட்டு இன்னொரு யூ டர்ன் அடித்தவன் எந்தத் திசையில் போவான்? ஆயிரம் பேருக்கு டெஸ்ட் வைத்த கண் இது, கையைத்தான் பார்க்கும். சாக்ஸபோன் வந்தது, நின்றது, அதே இருமல் இரண்டு தடவை, அதே பியானோ. பக்கம் முடிந்தது. பிறகு பேராசிரியர், "முதல் பக்கம் சும்மா தொண்டையைச் செருமிக்கிட்டது. ரெண்டாவது பக்கத்துலதான் மனுஷன் பேசவே ஆரம்பிக்கிறான்" என்றார். "ஆழம் சார், ஆழம்" என்று பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பியானோ உள்ள வர்ற இடம் பாருங்க, முதல் பக்கத்துல அந்தத் தைரியம் இல்லை" என்றார் அந்த இரண்டு யூ டர்ன் ஆசாமி. தலையாட்டிகள் ஆட்டினார்கள். ஓட்டுக்குக் கை தூக்கப்போகிறார்கள், உங்கள் ஆல்பத்தின் உயிர் ஊசலாடுகிறது, நான் என்ன செய்வேன்? திறந்தேன்.

"ஐயா, ரெண்டு தடவையும் ஓடினது ஒரே பக்கம்."

"எப்படிச் சொல்றீங்க?" என்றார் பல் டாக்டர்.

"அதே ஆள் அதே இடத்துல இருமறானே."

பேராசிரியர் சிரித்தார். "டிக்கெட் வாங்கி வந்தவர் ரெண்டாவது பாதிக்கும் உட்கார்ந்திருப்பார் இல்லையா? இருமல் அதுக்குள்ள நின்னுடுமா?"

டைல்ஸ் கடைக்காரரின் இரண்டு திருப்பலைச் சொன்னேன். "மேல் பக்கம் எது, கீழ்ப் பக்கம் எதுன்னு எனக்கே சொல்லித் தர்றீங்களா?" என்று கோபித்துக்கொண்டார். பிளேயரில் எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும் என்றால், பல் டாக்டர் அதற்குள் எடுத்து உறையில் போட்டுவிட்டிருந்தார். எனக்குப் பழைய ஆபீஸ் குரல் வந்துவிட்டது. "உங்க காதுக்கெல்லாம் எவன் லைசென்ஸ் கொடுத்தான்? ஆறு பேரும் ஃபெயில்" என்றேன். உள்ளதைச் சொன்னால் உடம்பெரியத்தானே செய்யும்? ஓட்டெடுப்பைத் தள்ளி வைத்தார்கள். பல் டாக்டர் இசைத்தட்டை என் கையில் கொடுத்து, "வீட்டுல ரெண்டு பக்கமும் கேளுங்க சார். அடுத்த வாரம் வந்து மன்னிப்புக் கேளுங்க. இல்லைன்னா பேங்க் மேனேஜர் வந்து உட்காருவார்" என்றார்.

மாப்பிள்ளை, நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. நாற்காலி போனால் போகட்டும், உங்கள் ஆல்பமும் போகட்டும். மானமுள்ளவன் உட்காரும் இடமா அது? இசைத்தட்டு உங்கள் பிளேயருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. சனிக்கிழமை கொண்டுபோய் இரண்டு பக்கத்தையும் போட்டுக் காட்டி அந்த ஆறு மூக்கையும் அறுத்துவிட்டு வருகிறேன். நீங்களும் கௌரவமாக விலகிவிடுங்கள். ஊர் திரும்பியதும் சனிக்கிழமைகளில் வண்டி ஓட்டிப் பழகலாம், உங்கள் ரிவர்ஸ் இன்னும் கோணலாகத்தான் இருக்கிறது. மகளுக்கு என் பூரண ஆசி. மீதி இருந்தால் உங்களுக்கும்.

இப்படிக்கு,
உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து அவமானப்பட்ட
மாமனார்

பி.கு.: தபால்தலை வாங்கச் சோம்பல்பட்டதில் சனிக்கிழமை தாண்டிவிட்டது. மேலே உள்ளதைக் கிழித்திருப்பேன், இவ்வளவு எழுதிவிட்டுக் கிழிக்க மனம் வரவில்லை. வீட்டில் இரண்டு பக்கமும் கேட்டேன். நிஜமான இரண்டாம் பக்கம் சுத்தக் குப்பை. வாய்க்கசப்புப் போக முதல் பக்கத்தை மறுபடி போட்டேன். அந்த இருமலுக்குப் பிறகு பியானோ வருகிற இடத்தில் எழுந்து நின்றுவிட்டேன். பேராசிரியர் சொன்னது சரி, முதல் தடவை வெறும் தொண்டைச் செருமல், இரண்டாவது தடவைதான் மனிதன் பேசுகிறான். போய் அதைச் சொன்னேன். டைல்ஸ் கடைக்காரர் மூன்றாவது தடவைதான் உச்சம் என்றார், நான் இரண்டுக்கு மேல் கூடாது என்றேன், டாக்டருக்குப் பதிலாகக் கீழே பல் பிடுங்கிக்கொண்டிருந்த நர்ஸ் வந்து சத்தம் போடும் வரை நிறுத்தவில்லை. ஓய்வு பெற்ற பிறகு என்னோடு ஒருவரும் இப்படிச் சண்டை போட்டதில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பத்தாவது இடத்துக்கு ஓட்டு மூன்றுக்கு மூன்று என்று நின்றது, ஏழாவது கை என்னுடையது. இப்போது கரும்பலகையில் 'முதல் பக்கம் மட்டும், இரண்டு முறை' என்று இருக்கிறது. உங்களுடையதைக் கேட்டுப் பார்த்தேன், போனதில் தப்பில்லை. நாற்காலியைப் பற்றிக் கவலை வேண்டாம், பத்திரமாக என் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். பேங்க் மேனேஜருக்கு அடுத்தபடியாக உங்களை வரிசையில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.