சிவப்புத் தொட்டியில் விழுந்த முகூர்த்தம்

ஒழுங்கின் மீது பற்றுடையவன் வீட்டில் எந்தப் பொருளும் காணாமற்போவதில்லை என்று உலகம் நம்புகிறது. உலகம் ஒருமுறையேனும் என் வீட்டிற்கு வந்து பார்த்ததில்லை.

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் தரப் பரிசோதனைப் பிரிவில் அப்போது பணியாற்றி வந்தேன். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவனாயினும், பட்டம் பெற்றோர் எவருக்கும் குறையாத ஒழுங்கு என்னிடம் உண்டென்பது என் துணிபு. எங்கள் பிரிவில் மூன்று தொட்டிகள் இருக்கும். தேறியது பச்சைத் தொட்டிக்கு, திருத்த வேண்டியது மஞ்சளுக்கு, தேறாதது சிவப்புக்கு. வாரக் கடைசியில் சிவப்புத் தொட்டி காயலான் கடைக்குப் போய்விடும். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்த மேதையை நான் மனத்திற்குள் வணங்காத நாளில்லை. (யாரென்று இன்றுவரை தெரியாது. யாராயிருந்தால் என்ன, கும்பிடு கும்பிடுதானே!)

2013ஆம் ஆண்டில், சேரப்பணஞ்சேரியில் உள்ள எங்கள் வீட்டில், பழைய கணினி ஒன்றை அலமாரிக்குள் நிறுத்தி, கேபிள் இழுத்துத் தொலைக்காட்சியோடு இணைத்தேன். திரைப்படங்கள், என் மனைவி பார்வதியின் தொடர்கள், குடும்ப விழாக்கள் அனைத்தும் ஒரே பெட்டியில் இருக்கும். ரிமோட்டை அழுத்தினால் வேண்டியது வரும். இணையத்தில் எழுதப்பட்டிருந்ததை அகராதியின் துணைகொண்டு வாசித்து, யாரிடமும் கேளாமல், நானே கற்றுச் செய்தது.

ஆயினும் பெட்டிக்குள் ஒழுங்கில்லை. காரணம் என் மகன் கார்த்தி. சேற்றில் வழுக்கி விழும் நண்பன், பைக் சைலன்சரின் சத்தம், ஆட்டுக்குட்டி தும்முவது எனக் கைப்பேசியில் எடுத்த துண்டுப் படங்களையெல்லாம் அதில் கொண்டுவந்து கொட்டினான். ஆகவே காணொளிகளைத் தானாகவே பிரித்தடுக்கும் மென்பொருள் ஒன்றை நிறுவி, என் தொழிற்சாலை விதியை அதற்குக் கற்பித்தேன். ஒரு மணி நேரத்திற்கு மேற்பட்டது திரைப்படம், அது பச்சை. அதற்குக் குறைந்தது தொடர், அது மஞ்சள். ஐந்து நிமிடத்திற்கும் குறைந்தது கழிவு, அது சிவப்பு. சனிக்கிழமைதோறும் சிவப்பு தானாகவே காலியாகிவிடும்.

"இன்னாங்க இது, வூட்டுக்குள்ளயும் ஷிப்டு நடத்திக்கினு கீறீங்க?" என்றாள் பார்வதி.

"இது முறைமை" என்றேன்.

அவ்வாண்டே என் மகள் சுமதிக்குத் திருமணமாயிற்று. மாப்பிள்ளை முருகேசன் திருநெல்வேலிப் பக்கத்தவர், ஒரகடத்திலேயே வேலை. அவருடைய தாயார் செல்லத்தாய் அம்மாள் படுக்கையிலிருந்த தம் மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்துவிட்டு, ஊரிலிருந்து கிளம்பிய கடைசி வேனில் இரவோடிரவாகப் புறப்பட்டார். விடிந்ததும் ஒரகடம் கூட்டுரோட்டில் கார்களை ஏற்றிய நீண்ட லாரி ஒன்று பழுதாகிக் குறுக்கே நின்றுவிட்டது. வேன் அதன் பின்னால். இங்கே மண்டபத்தில் ஐயர் நேரம் தவறுகிறதென்று பறந்தார். தாலி கட்டியாயிற்று. அம்மாள் வந்து இறங்கியபோது முதற்பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர் சண்டையிடவில்லை. சண்டையிட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "எம் மவன் தாலி கட்டுனத நான் பாக்கலியே அண்ணாச்சி" என்று ஒரே வரி சொன்னார்.

"கவலைப்படாதீங்கம்மா. தாலி பிரிச்சுக் கோக்க மூணாம் மாசம் வருவீங்கல்ல, அன்னிக்கு எங்க வூட்டு டிவியிலயே பெருசா காட்டுறேன். இது என் பொறுப்பு" என்று வாக்களித்தேன்.

படப்பையிலிருந்து வந்த வீடியோக்காரர், ரோஜா இதழ் பறக்க விட்டு, மணமக்களைப் பனிமலையில் நிறுத்தி டிவிடி தருவதாகச் சொன்னார். எனக்கு அத்தகைய அலங்காரம் ஆகாது. "எடுத்ததை எடுத்தபடியே குடுங்க. அடுக்குறது என் வேலை" என்று கம்பீரமாகக் கூறி, துண்டு துண்டாகவே வாங்கிவந்து பெட்டியில் ஏற்றினேன். மறுநாள் பார்த்தபோது எல்லாம் தொட்டிகளுக்குப் போயிருந்தன. பெருமிதத்துடன் அலமாரிக் கதவைச் சாத்தினேன். (திறந்து ஒரு தரம் ஓட்டிப் பார்த்திருக்கலாம். யார் கண்டது?)

மூன்றாம் மாதம் தாலிக் கயிற்றைப் பிரித்துப் புதுக் கயிற்றில் கோர்க்கும் நாள் வந்தது. சம்பந்தி வீட்டார் கூடம் நிறைய அமர்ந்தனர். நல்ல நேரத்திற்கு இன்னும் பொழுதிருந்தது. செல்லத்தாய் அம்மாள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். நான் ரிமோட்டை எடுத்தேன்.

முதலில் பச்சைத் தொட்டி. திரையில் ஒரு மின்விசிறி சுழன்றது. சுழன்றது, சுழன்றுகொண்டே இருந்தது. வீடியோக்காரர் நாற்காலியில் மறந்து வைத்த கேமரா மண்டபத்து உத்தரத்தைப் பார்த்தபடி ஓடியிருக்கிறது. ஒரு மணி நேரத்தைத் தாண்டியதால் என் இயந்திரம் அதற்குத் திரைப்படமென்று தகுதி வழங்கிவிட்டது.

"நல்ல காத்தோட்டமான மண்டவந்தான்" என்றார் மாப்பிள்ளையின் தந்தை, மரியாதைக்கு.

அவசரமாக மஞ்சளுக்குத் தாவினேன். பந்தி வந்தது, என் மைத்துனர் பாயசத்தை மூன்றாம் முறை கேட்டு வாங்கினார். அது முடிந்ததும் தானாகவே அடுத்தது ஓடியது. பார்வதியின் தொடர்! அதில் ஒரு மாமியார், மருமகளைப் பெட்டியோடு தெருவில் தள்ளிக் கதவைச் சாத்தினாள். கூடத்திலிருந்த மாமியாரை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவு கவனமாகப் பார்க்காமலிருந்தோம்.

கார்த்தி என் காதருகே குனிந்தான். "அப்பா, தாலி கட்டுற கிளிப்பு எத்தினி நிமிஷம்?"

"ரெண்டு இருக்கும்."

"அஞ்சுக்குக் கம்மியா இருந்தா எங்க போவும்?"

சிவப்பைத் திறந்தேன், காலி. எத்தனையோ சனிக்கிழமைகள் கடந்திருந்தன. பாயசத்தைப் பத்திரப்படுத்திய என் முறைமை, மாங்கல்யதாரணத்தைக் கழிவென்று தள்ளிவிட்டது.

வீடியோக்காரரைக் கைப்பேசியில் பிடித்தேன். "கார்டு அப்பவே அழிச்சிட்டேன் சார். அதுல இப்போ மூணு காதுகுத்து கீது. நீங்கதான டிவிடி வாணாம்னீங்க?" என்றார்.

செல்லத்தாய் அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அதைக் கண்டபின் தோற்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. "கொஞ்சம் பொறுங்கம்மா" என்று சொல்லி, அழிந்ததை மீட்கும் மென்பொருளை இறக்கி, அலமாரிக்குள் தலையை நுழைத்தேன். ஆட்டுக்குட்டி மீண்டது. சைலன்சர் மீண்டது. வியர்வை விசைப்பலகையில் சொட்டியது.

"நல்ல நேரம் போவுதுங்க. வெளிய வாங்க!" என்று பார்வதி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அந்நேரத்தில்தான் முகூர்த்தமும் மீண்டது. ஆனால் பாதி உயிரோடு. திரை முழுவதும் கறுப்பு. ஒலி மட்டும் துல்லியம். "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று ஐயர் கத்துவதும், நாகசுரமும் தவிலும் கூடத்தை நிறைத்தன. கறுப்புத் திரையைப் பார்த்தபடி எல்லோரும் அமர்ந்திருந்தோம். துணிந்தவன் என்று பெயரெடுத்த எனக்கு அம்மாளின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

மேளம் ஓய்ந்தது. அவர் எழுந்தார்.

"எலே முருகேசா, எந்திரி. கயிறு புதுசு, மஞ்ச புதுசு, பொண்ணு இருக்கா, ஆத்தா நான் இருக்கேன். கட்டுலே!"

"பொம்பளைங்கதான கோத்துப் போடுவாங்க?" என்று பார்வதி தயங்கினாள்.

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கிடலாம் மதினி. அண்ணாச்சி, அந்த மேளத்த இன்னொருக்கா போடுங்க."

ரிமோட்டை அழுத்தினேன். கறுப்புத் திரையிலிருந்து கெட்டிமேளம் முழங்க, என் கூடத்தில், சமையலறை வாசலுக்கும் சோபாவுக்கும் இடையே, மாப்பிள்ளை குனிந்து தாலி கட்டினார்.

"மெதுவா கட்டுங்க மாமா! அஞ்சு நிமிஷம் ஆவலன்னா அப்பா செகப்புல போட்டுருவாரு!" என்று கார்த்தி கூவினான்.

கூடமே சிரித்தது. தலைகுனிந்திருந்த சுமதியின் தோள்களும் குலுங்கின. அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடி மாட்டிக்கொண்டு, முடிச்சு விழும்வரை இமைக்காமல் பார்த்தார். அதன் பிறகு சிரித்தார். யாரோ கைப்பேசியை உயர்த்தியதற்கு, "அத உள்ள வைலே, கண்ணு எதுக்கு இருக்கு?" என்று அதட்டினார்.

அன்றுமுதல் என் மகளுக்கு ஆண்டில் இரண்டு திருமண நாட்கள். மாப்பிள்ளை இரண்டு புடவை வாங்குகிறார். இரண்டாவதை வாங்கும்போது என்னை ஒரு பார்வை பார்க்கிறார். மண்டபத்தில் நடந்த நாளில் வாழ்த்துச் சொல்லலாமென்று நான் அழைத்தால், "அது ஒத்திகைல்லா அண்ணாச்சி" என்று செல்லத்தாய் அம்மாள் போனை வைத்துவிடுவார். கூடத்தில் நடந்த நாளில் காலையிலேயே அவரே அழைப்பார். நலம் விசாரித்து முடித்ததும், "சரி, போடுங்க" என்பார். நான் தொலைக்காட்சியைப் போட்டு, கறுப்புத் திரையின் முன் கைப்பேசியை நீட்டிப் பிடித்தபடி, மேளம் ஓயும்வரை நின்றுகொண்டிருப்பேன்.