காரை இடிச்சது ஆர்?

"வா... வா... இன்னும் வா, பிள்ளை! லொறியே போகும், அவ்வளவு இடம் கிடக்கு!"

ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரில் ஒரு சனிக்கிழமை மத்தியானம். தமிழ்க்கடைக்கு முன்னால், நடுவீதியில் நின்று மரியரட்ணம் கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார். அவருடைய இடது கண்ணில் பெரிய வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தது. அந்தக் கிழமைதான் கண் ஒப்பரேசன். மிச்சமிருந்த ஒரு கண்ணால்தான் மகளுக்கு ரிவேர்ஸ் காட்டிக்கொண்டிருந்தார்.

காருக்குள் இருந்தது நிலக்சி. வயது பதினேழு. லைசென்ஸ் எடுத்து இன்னும் புதுவாசம் போகவில்லை.

"அப்பா, உள்ளுக்கை வந்து இருங்கோ. பதினெட்டு ஆகுமட்டும் நீங்கள் பக்கத்திலை இல்லாமல் நான் ஓடக்கூடாது!"

"ஓடேல்லையே. பார்க் தானே பண்ணுறாய்."

"அதுவும் ஓடுறதுதான். விடுங்கோ, கமரா இருக்கு, நான் பாத்து விடுறன்."

"கமரா பொய் சொல்லும். அப்பா பொய் சொல்லமாட்டன். வா!"

நிலக்சி மெல்லப் பின்னால் விட்டாள். கடைசி நேரத்தில் மரியரட்ணத்துக்குப் பயம் பிடித்து, இருந்த ஒரு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டார்.

டமார்!

கண்ணைத் திறந்து பார்த்தால், பின்னால் நின்ற புத்தம்புதுக் கறுப்புக் காரின் பொனற் முன்பக்கத்தில் குழம்பு விடச் சோற்றில் குழித்த மாதிரி ஒரு பள்ளம். வீதியெல்லாம் சிவப்புத் துண்டுகள்.

"அப்பா, கமராவிலை இன்னும் இடம் காட்டுதே!"

"நான் சொன்னனான் தானே, கமரா பொய் சொல்லும் எண்டு! எடு, எடு, காரை முன்னுக்கு எடு!"

பதறிப்போய் நிலக்சி காரை முன்னுக்கு எடுத்து நிறுத்தினாள். அதுவும் தனியத்தான்.

மரியரட்ணம் சுற்றிவரப் பார்த்தார். வீதியில் ஒருவரும் இல்லை. அப்பாடா என்று நிமிர்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார். இரண்டாம் மாடி ஜன்னலில், தலகாணியில் இரண்டு முழங்கையையும் ஊன்றியபடி ஃபிராவ் பியோன்ரெக். மற்றவர்கள் ரிவி பார்ப்பது போல இந்த வீதியைப் பார்க்கிற கிழவி. இப்போது இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கண் வெளியே வரப் பார்த்துக்கொண்டிருந்தா.

சாட்சி!

மரியரட்ணம் விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். பிறகு இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டார். கிழவி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மெல்லத் தலையாட்டினா.

"நல்ல மனுசி," என்று முணுமுணுத்தார்.

சத்தம் கேட்டு மனைவி பவளம் கடைக்குள்ளிருந்து மரக்கறிப் பையோடு ஓடி வந்தா.

"ஐயோ, மடு மாதாவே! என்ன செய்து வச்சிருக்கிறியள்?"

"ஒண்டுமில்லை. சின்ன உரசல். எங்கட நம்பரை ஒரு பேப்பரிலை எழுதிக் கண்ணாடியிலை செருகிப்போட்டுப் போவம்."

"அப்பிடிப் போகேலாது, அப்பா," என்றாள் நிலக்சி. "காரின்ரை சொந்தக்காரர் இல்லாட்டி நிண்டு பொலிசுக்குச் சொல்ல வேணும். பேப்பர் வச்சிட்டுப் போனாலும் தப்பி ஓடினது எண்டுதான் எடுப்பினம். நான் போன் பண்ணிப்போட்டன். வருகினம்."

"என்னை ஒரு சொல்லுக் கேட்டியோ?"

"கேட்டால் விடமாட்டியள்."

செப்ரெம்பரில் நிலக்சிக்கு ஆவுஸ்பில்டுங், அதுதான் தொழிற்பயிற்சி, தொடங்குகிறது. வயதானவர்களின் வீடு வீடாகக் காரில் போய்ப் பராமரிக்கிற வேலை. அதுக்குள் பதினெட்டும் ஆகிவிடும். லைசென்ஸ் இருந்தால்தான் அந்த இடம் என்று முதலாளி அம்மா முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறா.

"அப்பா வெளியிலை நிக்கேக்கை ஓடினது எண்டு தெரிஞ்சால்?" என்று கேட்டா பவளம்.

"லைசென்ஸைப் பறிச்சுப்போடுவினம்," என்றாள் நிலக்சி.

பவளம் புருசனைப் பார்த்தா. "இஞ்சாருங்கோ. பிள்ளையின்ரை லைசென்ஸ் போச்சுதெண்டால், நீங்களும் மற்றக் கண்ணிலை பஞ்சு ஒட்டிக்கொண்டு எங்கையாவது போகலாம். வீட்டை வரவேண்டாம்."

"ஆரும் பயப்பிடாதேங்கோ. ஓடினது நான். முடிஞ்சுது கதை."

"பொய் சொல்லமாட்டன் எண்டு இப்பதானே சொன்னனீங்கள், அப்பா?"

"அது கமராவைப் பற்றிக் கதைக்கேக்கை."

அந்த நேரம் கடைக்காரர் கதிர்காமநாதன் வெளியே வந்தார். ஜெர்மனியில் இரண்டு கார் வழக்குப் பேசி இரண்டையும் தோற்றவர். அதனால் அந்த வட்டாரத்தில் சட்டம் என்றால் அவர்தான். மத்தியானச் சாப்பாட்டோடு ஒரு பியரும் குடித்திருந்ததால் சட்டம் இன்னும் தெளிவாக ஓடியது.

"தம்பி, தடயத்தை எடு முதலிலை. துண்டு கிடந்தால்தானே வழக்கு?"

கடைத் தும்புத்தடியை வாங்கி மரியரட்ணம் சிவப்புத் துண்டுகளை என்னவென்று பாராமலே அவசரமாகக் கூட்டி அள்ளி ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டார்.

"அப்பா, எங்கட பின்லைற் உடையேல்லை, பாருங்கோ," என்றாள் நிலக்சி.

"உள்ளுக்கை உடைஞ்சிருக்கும்."

பவளம் பையை வாங்கி, மரக்கறிப் பைக்குள் கீரைக்கு அடியில் தாட்டுவிட்டா.

"சாட்சி ஆரும் இருக்கினமோ?" என்று கேட்டார் கதிர்காமநாதன்.

மரியரட்ணம் கண்ணால் மேலே காட்டினார். கிழவி சட்டென்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டா.

"வெறும் கும்பிடு காணாது, தம்பி. வயித்தைக் கவனி."

சூடான மட்டன் ரோல்ஸ் ஆறு, ஒரு பெட்டியில் வைத்துக் கதிர்காமநாதனே மாடிக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்து சொன்னார்: "மனுசி வாங்கேக்கை அழுதிட்டா. என்ரை கையைப் பிடிச்சு, நீங்கள் எல்லாம் எவ்வளவு நல்ல சனங்கள் எண்டு சொல்லுது."

"அவ்வளவு பசியோ, பாவம்," என்றா பவளம்.

பொலிஸ் கார் வந்து நின்றது. உயரமான ஒரு பொலிஸ்காரி இறங்கினா. கூட வந்த பொலிஸ்காரர் வீதியில் வாகனங்களை விலக்கப் போனார். இனி எல்லாம் டொச் மொழியில்தான் நடந்தது.

"ஆர் காரை ஓடினது?"

"நான்," என்று நெஞ்சை நிமிர்த்தினார் மரியரட்ணம்.

பொலிஸ்காரி அவருடைய பஞ்சைப் பார்த்தா. "உங்கட கண்ணுக்கு என்ன?"

"ஒப்பரேசன். இந்தக் கிழமைதான்."

"டொக்டர் கார் ஓடச் சொன்னவரோ?"

"இல்லை, குனியவே வேண்டாம் எண்டவர்."

"கண் தெரியாமல் ஓடி இடிச்சிருக்கிறியள். அது வெறும் விபத்து இல்லை, குற்றம். உங்கட லைசென்ஸை எடுங்கோ."

பவளம் நடுவில் பாய்ந்தா. "அவருக்கு ஒப்பரேசனுக்குப் பிறகு மறதி. ஓடினது நான்!"

"நல்லது. உங்கட லைசென்ஸ்?"

பவளம் கைப்பையைத் திறந்தா. செபமாலை, பஸ் ரிக்கற், இருமல் இனிப்பு எல்லாம் வெளியே வந்தன. லைசென்ஸ் வரவில்லை. இருபத்தைந்து வருசமாக இல்லாத சாமான் அண்டைக்கு மட்டும் எப்படி வரும்?

"லைசென்ஸ் இல்லாமல் ஓடினதோ?" பொலிஸ்காரியின் குரல் ஏறியது. "இது அதைவிட மோசம்!"

கதிர்காமநாதன் பவளத்தை விலக்கிவிட்டு முன்னுக்கு வந்தார். "குடும்பத்தை விடுங்கோ, அம்மா. என்னட்டை லைசென்ஸ் இருக்கு. ஓடினது நான்தான்."

பொலிஸ்காரி மூக்கைச் சுழித்தா. "பியர் குடிச்சனீங்களோ?"

"ஒண்டே ஒண்டு. சாப்பாட்டோடை."

"ஊதுற மெசினை எடுத்துக்கொண்டு வா," என்று மற்றவருக்குக் கூப்பிட்டுச் சொன்னா.

அதுக்கு மேல் நிலக்சியால் பொறுக்க முடியவில்லை. "எல்லாரும் நிப்பாட்டுங்கோ! ஓடினது நான். அப்பா வெளியிலை நிண்டவர். என்ரை லைசென்ஸை எடுங்கோ, இவையளை விடுங்கோ." கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"அவள் சின்னப்பிள்ளை, பொய் சொல்லுறாள்!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

பொலிஸ்காரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தா. "நாலு டிரைவர். ஒரு ஸ்ரேறிங். நீங்கள் எல்லாரும் ஒராளின்ரை மடியிலை ஒராள் இருந்து ஓடினனீங்களோ?"

மேலே ஜன்னலில் கிழவி ஒரு ரோல்ஸைக் கையில் பிடித்தபடி விம்மிக்கொண்டிருந்தா.

"அவ ஆர்? பாத்தவவோ?"

"இல்லை, இல்லை, அவவுக்கு ஒண்டும் தெரியாது," என்றார் மரியரட்ணம். "அவ ரோல்ஸ் சாப்பிடுறா."

"ஆர் குடுத்த ரோல்ஸ்?"

கதிர்காமநாதன் மெதுவாக, "சூடு ஆறமுந்திக் குடுத்தனான்," என்றார்.

"சாட்சிக்குக் கைலஞ்சமோ! அந்தப் பைக்குள்ளை என்ன?"

"மீன்," என்றா பவளம்.

"மீன் கலகலக்குமோ? எடுங்கோ வெளியிலை."

கீரைக்கு அடியிலிருந்து பொலித்தீன் பை வந்தது. பொலிஸ்காரி அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, களைத்துப்போன குரலில் சொன்னா: "இஞ்சை பாருங்கோ. ஆர் ஓடினது எண்டு நான் இனிக் கேக்கமாட்டன், எனக்குத் தலையிடிக்குது. இந்தப் பொனற் நெளிஞ்சது ஆராலை? அந்த ஒரு ஆளை மட்டும் காட்டுங்கோ. மற்ற எல்லாரும் வீட்டை போங்கோ."

"என்னாலை!" என்றார்கள் நாலு பேரும்.

பொலிஸ்காரி பெருமூச்சு விட்டுப் பைக்குள் கையை விட்டா. முதலில் ஒரு சிவப்புத் துண்டு வந்தது. அது லைற் கண்ணாடி இல்லை, ஓடு. அடுத்தது இன்னொரு ஓடு, குட்டிச் சப்பாத்தோடு. கடைசியாக வந்தது ஒரு தலை. வெள்ளைத் தாடி, உருண்டை மூக்கு, அரைவாசி உடைந்த சிவப்புக் கூர்த்தொப்பி. ஜெர்மன்காரர் தோட்டத்தில் வைக்கிற களிமண் குள்ளனின் தலை. அது மரியரட்ணத்தைப் பார்த்துச் சிரித்தது.

மரியரட்ணம் பஞ்சு ஒட்டாத கண்ணைக் கசக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார். தங்கள் காரைப் பார்த்தார். பின்லைற் இரண்டும் முழுசாக இருந்தன. பம்பரில் ஒரு கீறல்கூட இல்லை.

"கமரா..." என்று தொடங்கினாள் நிலக்சி.

"பொறு, பிள்ளை."

மேலேயிருந்து ஒரு பெரிய விம்மல் கேட்டது. எல்லோரும் நிமிர்ந்தார்கள். ஃபிராவ் பியோன்ரெக் ரோல்ஸை ஜன்னலில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தா.

"போதும், எனக்கு இனித் தாங்கேலாது! அது என்ரை ஜன்னலிலை நிண்ட குள்ளன், பேர் வில்லி. அந்த ஐயா போட்ட சத்தத்துக்கு எட்டிப் பாக்கேக்கை என்ரை முழங்கைதான் தட்டி அந்தக் கறுப்புக் காருக்கு மேலை விழுத்திப்போட்டுது. அதைக் கண்டும், சொல்லாதேங்கோ எண்டு என்னைக் கும்பிட்டு, வில்லியையும் கூட்டி ஒளிச்சு, சாப்பாடும் அனுப்பி, முன்பின் தெரியாத இந்தக் கிழவிக்காக ஒரு குடும்பமே வரிசையிலை நிண்டு ஜெயிலுக்குப் போகப் பாக்குதே!"