சொந்த வீட்டுக்கு வந்த பிளம்பர்

மும்பையில் யாரும் மறுகேள்வி கேட்காமல் நம்பும் பொய் ஒன்று உண்டென்றால், அது பில்டிங் ரிப்பேர். (எங்கள் பில்டிங்கில் சாரம் கட்டியபோது தவழ்ந்துகொண்டிருந்த பெண் இப்போது காலேஜ் போகிறாள்.)

அந்தப் பொய்யைத்தான் என் சித்தப்பாவிடம் சொன்னேன். சித்தி போனபின் மாதுங்கா ஃப்ளாட்டில் தனியாக இருந்தவர், பாத்ரூமில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். குழந்தைகள் கிடையாது. வாஷியில் நர்ஸ், சாப்பாடு எல்லாம் உள்ள முதியோர் இல்லம் ஒன்றில் சேர்த்தேன். அவருடைய பென்ஷன் அங்கே காபிச் செலவுக்குக்கூடக் காணாது. அதனால் ஃப்ளாட்டை வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தை இல்லத்துக்குக் கட்டினேன். இதை அவரிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. வீட்டுக்கு எப்போது போகலாம் என்று கேட்கும்போதெல்லாம், "ரிப்பேர் முடியட்டும் சித்தப்பா" என்பேன்.

குடிவந்த வித்யாவுக்கும் ஒரு பொய் வைத்திருந்தேன். அவளைப் பொறுத்தவரை ஓனர் நான்தான். பாத்ரூம் குழாய் ஒழுகுகிறது என்று போன் செய்தால், "பிளம்பரை அனுப்பறேம்மா" என்று சொல்லிவிட்டு மறந்துபோவேன்.

ஒரு நாள் இல்லத்திலிருந்து போன். ரிப்பேர் எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்க சித்தப்பா டாக்ஸி பிடித்துக் கிளம்பிவிட்டாராம். செம்பூரில் இருக்கும் என் வீட்டிலிருந்து மாதுங்காவுக்குத் தலைதெறிக்க ஓடினேன். நான் போனபோது அவர் ஒரு கையில் தடியும், முழங்கால் வரை மடித்த பேன்ட்டுமாக பாத்ரூமில் நின்றிருந்தார்.

"வாங்க சார்," என்றாள் வித்யா. "ஒருவழியா பிளம்பரை அனுப்பிட்டீங்க. ஆனா இவ்வளவு வயசானவரையா?"

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. சித்தப்பா என்னைப் பார்த்தார். பிறகு, முன்பு சித்தியின் படம் இருந்த சுவரில் மாட்டியிருந்த வேறு யாரோ ஒருவரின் கல்யாண போட்டோவைப் பார்த்தார்.

"வாஷர் போயிடுத்தும்மா," என்றார். (மனிதர் ரிடையர்ட் அக்கவுன்டன்ட். குழாயைத் திறக்கவும் மூடவும் மட்டுமே தெரியும்.) "சாமான் வாங்கிண்டு வந்து மாத்தித் தரேன்."

அவள் காபி கொடுத்தாள். கூடவே இருநூறு ரூபாயும். மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

லிஃப்ட்டில் நான் அழுதேவிட்டேன்.

"கதவைத் திறந்து பிளம்பரான்னு கேட்டாடா. உள்ளே விட்டாப் போறும்னு ஆமான்னுட்டேன்," என்றார். "இந்த வாடகையிலதான் அங்கே கட்டறியா?"

தலையாட்டினேன்.

"அப்போ முதல்ல குழாயைச் சரிபண்ணு. அந்தப் பொண்ணு காலி பண்ணிட்டா நான் எங்கேடா போவேன்?"

இன்றும் எங்கள் குடும்பத்தில் சித்தப்பாவுக்குப் பெயர் பிளம்பர்தான். கல்யாண வீடுகளில் அவரே இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறார். வித்யாவிடம் மட்டும் உண்மையைச் சொல்லக்கூடாதென்று உத்தரவு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எனக்குப் போன் வரும்.

"ஆத்துல ஏதாவது ஒழுகறதாடா?"

"இல்லை சித்தப்பா. எல்லாம் நன்னா இருக்கு."

போனை வைக்கும் முன் மறக்காமல் சொல்வார்.

"சரி. எது கெட்டுப்போனாலும் வேற ஆளைக் கூப்பிடாதே. நான் வரேன்."