மார்க்குத் தாளும் மூன்று வாய்தாவும்

தேவாரம்
1938, ஆவணி 10

சிரஞ்சீவி கர்ணனுக்கு உன் தகப்பன் அம்மாவாசி ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே சுகம் என்றுதான் எழுத வேண்டும், அப்படியே வைத்துக்கொள். கொழும்புத் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா?

இண்டர்மீடியட் கணக்கில் தவறி, பாசானால்தான் ஊர் மிதிப்பேன் என்று நீ கப்பலேறி மூன்று வருஷமாகிறது. உன்னைப் பாசாக்கிவிட்டால் வந்துவிடுவாய் என்று, உனக்குத் தெரியாமல், சர்வகலாசாலை மேலேயே முன்சீப் கோர்ட்டில் பிராது கொடுத்தேன். உன் விடைத்தாளைச் சரியாகத் திருத்தவில்லை என்று வக்கீல் சுந்தர்ராஜ் எழுதினார். நீ தவறியிருக்கமாட்டாய் என்பதைத் தவிர எங்களிடம் வேறு ஆதாரம் கிடையாது. முன்சீப் ஐயா உன் மார்க்குத் தாளைக் கொண்டுவரச் சொன்னார்கள். அது உன் ஆத்தாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது. கேட்டால், "அவன் பேரு அச்சடிச்சது வீட்டுல இது ஒண்ணுதான் இருக்கு. தரமாட்டேன்" என்கிறாள். இதைக் கோர்ட்டில் எப்படிச் சொல்வது? முதல் வாய்தாவில் ஆடு தின்றுவிட்டது என்றேன், அடுத்த வாய்தாவுக்குள் ஆட்டை மறந்து வெள்ளம் கொண்டுபோனது என்றேன், மூன்றாவதில் கரையான் என்றேன். எதிர்வக்கீல் எழுந்து, ஆடு தின்றதை வெள்ளம் கொண்டுபோனதா, வெள்ளம் கொண்டுபோனதைக் கரையான் அரித்ததா என்று கேட்டார். கோர்ட்டே சிரித்தது. நம் வக்கீலும் சிரித்தார், அதுதான் தாங்கவில்லை.

வழக்கு தள்ளுபடி. பொய் சொன்னதற்குத் தண்டனையாக, கோர்ட்டு கலையும்வரை நான் மூலையில் நிற்கவேண்டும். நின்றேன். சாயங்காலம் ஐயா என்னைக் கூப்பிட்டு, இதெல்லாம் எதற்கு என்று கேட்டார்கள்.

"பயலப் பாத்து மூணு வருசமாச்சுங்க. பாசுன்னு நீங்க எழுதிட்டா வந்துருவான்" என்றேன்.

பேனாவை மூடி வைத்தார்கள். "அது கோர்ட்டால் ஆகாது. நீரே எழுதிப் பாரும்" என்றார்கள்.

வீடு வரும் வழியெல்லாம் அதே நினைப்பு. மழை, மாடு, சோளம் என்று உனக்கு எத்தனையோ கடிதம் எழுதினேன். வா என்று ஒரு தடவைகூட எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். தவறினவனாகவே வாப்பா.

கடலும் ரயிலும் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன்னைப் பார்க்கக் காத்திருக்கும்
அம்மாவாசி

பின்குறிப்பு: இதை உன் ஆத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். "எழுதுன்னு அவுக சொன்னாக, எழுதிட்டீக. அவன் படிச்சு, யோசிச்சு, எப்ப வர?" என்று கேட்டுவிட்டு, சேலை மாற்றப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை போட்மெயில் ரயிலில் நாங்களே கொழும்புக்குப் புறப்படுகிறோம். நீ வந்துவிடாதே. அங்கேயே இரு.