கரண்ட் வந்தது தெரியாமல் செய்த ஜெபம்

ஜெபிக்கிற எவருக்கும் இரண்டு தமிழ் உண்டு. ஒன்று, ஆலயத்தில் நாலு பேர் நடுவில் எழுந்து நின்று ஜெபிக்கும்போது வருவது. 'தேவரீர்', 'அடியாள்', 'கிருபை கூர்ந்தருளும்' என்று துவைத்து இஸ்திரி போட்டு வரும். இன்னொன்று, அடுப்படியில் குக்கர் கத்திக்கொண்டிருக்கும்போது வாய்க்குள் முணுமுணுப்பது. 'பாருங்க ஆண்டவரே, இந்த மனுசன் பண்றத' என்கிற ரகம். முதல் தமிழ் ஊருக்கு. இரண்டாவது கடவுளுக்கு. இவை இரண்டையும் இடம் மாற்றிவிடக் கூடாது. நான் மாற்றிவிட்டேன். பாப்பிரெட்டிப்பட்டி மொத்தமும் கேட்டது.

என் பெயர் ரூத். தாலுகா ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கணவர் ஜெயராஜ் டிராக்டர் மெக்கானிக். சுற்றுவட்டாரத்தில் எந்த டிராக்டர் நின்றுபோனாலும் அவர் போய்க் காது கொடுத்துக் கேட்டால் போதும், கிளம்பிவிடும். (எங்கள் வீட்டு மிக்ஸியின் சத்தம் மட்டும் அந்தக் காதுக்கு எட்டாது.) மாமியார் எஸ்தர் எங்களோடுதான் இருக்கிறார். மகள் ஜெனிபர் அப்போது பிளஸ் டூ.

அந்த வருடம் நான் ரொம்பவே களைத்துப்போயிருந்தேன். கடை, சமையல், மகளின் பரீட்சை, மாமியாரின் சர்க்கரை என்று ஒன்று முடிவதற்குள் இன்னொன்று. காலையில் 'பரலோகப் பிதாவே' என்று ஆரம்பித்தால், அடுத்த வார்த்தை வருவதற்குள் ஒருவர் ஆதார் கார்டோடு நிற்பார், இன்னொருவர் சிட்டாவோடு நிற்பார். நிம்மதியாக முட்டிபோட்டு ஒரு முழு ஜெபம் செய்து எத்தனை மாதமாயிற்று என்றே ஞாபகமில்லை. உள்ளே எல்லாம் வறண்டு கிடந்தது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் சபையில் மூன்று நாள் நற்செய்திக் கூட்டம் வந்தது. பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர் என்ற முறையில் பீடத்துக்குப் பூ வைக்கும் வேலை என்னுடையது. அதற்காக ஆலயத்துச் சாவியும் என்னிடம் இருந்தது. அதோடு முதல் நாள் மாலை ஊர் மக்கள் முன்னால் மேடையேறி வேதப் பகுதியை வாசிக்க வேண்டும் என்றும் பாஸ்டர் சொல்லிவிட்டார். நானோ ஜெராக்ஸ் மிஷினுக்கு முன்னால் மட்டுமே நின்று பழகியவள்.

கூட்டத்துக்கு முந்தின நாள் மைக்செட்காரர் செல்வம் டீக்கடைக் கம்பத்தில் ஒரு குழாய் ஸ்பீக்கர், பஸ் ஸ்டாண்டில் ஒன்று என்று கட்டினார். சாயங்காலம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் மைக்கைத் தங்கள் உயரத்துக்கு இறக்கிவைத்துப் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தபோது சித்தேரி மலைப் பக்கமிருந்து காற்றும் மழையும் ஒன்றாக வந்தன. கரண்ட் போயிற்று. பிள்ளைகள் வீட்டுக்கு ஓடினார்கள். செல்வமும் ஓடினார். எந்த சுவிட்சையும் யாரும் அணைக்கவில்லை. இருட்டில் எது அணைந்திருக்கிறது, எது அணையவில்லை என்று யாருக்குத் தெரியும்?

மறுநாள் விடியற்காலையில் சாவியை எடுத்துக்கொண்டு நான் ஆலயத்துக்குப் போனேன். அன்றைக்காவது யாரும் கூப்பிடாத இடத்தில் உட்கார்ந்து கொஞ்சம் பெலன் கேட்டு வாங்கிக்கொண்டு வரலாம் என்று ஆசை. கரண்ட் இன்னும் வந்திருக்கவில்லை. என் ஜெபம் யார் காதிலும் விழக் கூடாது என்பதற்காகக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டேன். எல்லா ஜன்னலையும் சாத்தினேன். (அப்படி ஒரு முன்ஜாக்கிரதை!) பீடத்துக்கு முன்னால் போய் முட்டிபோட்டேன். பிள்ளைகள் இறக்கிவைத்த மைக் சரியாக என் மூக்குக்கு நேராக நின்றது. அந்த இருட்டில் நான் அதைப் பார்க்கவே இல்லை. கண்ணையும் மூடியிருந்தேன்.

முதலில் பழக்கதோஷத்தில் 'தேவரீர்' என்றுதான் ஆரம்பித்தேன். கேட்க ஆளில்லை என்பது நினைவுக்கு வந்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டாவது தமிழுக்கு இறங்கினேன். நாட்டுக்காக, சபைக்காக, மகளின் பரீட்சைக்காக ஜெபித்துவிட்டு வீட்டு விஷயத்துக்கு வந்தேன். அப்போது திடீரென்று முகத்தில் குளிர்ந்த காற்று பட்டது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆவியானவர் இறங்கிவிட்டார் என்று நினைத்துக் குரலை உயர்த்தினேன்.

மேலே மின்விசிறி சுற்ற ஆரம்பித்திருந்தது. கரண்ட் வந்துவிட்டது. கரண்ட் வந்தபோது நான் மாமியாரில் இருந்தேன்.

"அத்தைய கவனிச்சுக்குங்க ஆண்டவரே. சுகர் ஏறிட்டே போவுது. டாக்டர் வேணாம்னு சொல்லியும் சர்க்கரை டப்பாவுல கை வெக்கிறாங்க. நான் டப்பாவ பரண் மேல வெச்சா, பக்கத்து வூட்ல போய் டீ குடிச்சிட்டு வராங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டிருக்காங்க. திட்டவும் மனசு வரல. அவங்க ரொம்ப நாள் நல்லாருக்கணும். நான் வெக்கிற குழம்பு நல்லாருக்குன்னு ஒரே ஒரு நாள் அவங்க வாயில வர வைங்க, அது போதும்."

அடுத்து கணவர். (நேரில் அவரைப் பெயர் சொல்லி நான் கூப்பிட்டதே இல்லை. கடவுளிடம் பெயர் சொல்லாவிட்டால் யாரென்று அவருக்கு எப்படித் தெரியும்?)

"ஜெயராஜ பாருங்க ஆண்டவரே. ஊர்ல நின்ன டிராக்டரை எல்லாம் ஓட வெக்கிறாரு. வூட்ல மிக்ஸி நின்னு மூணு மாசம் ஆச்சு. அம்மில அரைச்சு அரைச்சு கை வுட்டுப்போச்சு. ஆனா நல்ல மனுசன், குடிக்க மாட்டாரு, அதுக்கு ஸ்தோத்திரம். மிக்ஸியையும் அவருக்கு ஞாபகப்படுத்துங்க."

பிறகு தெரு. "டீக்கடை முருகேசண்ணன ஆசீர்வதிங்க. பால்ல ஊத்தற தண்ணிய மட்டும் கொஞ்சம் கொறைச்சுக்கச் சொல்லுங்க. எதிர்வூட்டு சபியா அக்காவுக்கு முட்டி வலி தாங்கல. மாடிப்படி ஏறும்போது 'அல்லாவே'ன்னு அவங்க கூப்பிடறது எங்க வூட்டுக்கே கேக்குது. உங்களுக்கும் கேட்டிருக்கும் ஆண்டவரே. எதாவது பண்ணுங்க."

கடைசியாக நான். அங்கே வந்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

"என்னால முடியல ஆண்டவரே. காலையில கண்ணத் தொறந்தாலே பயமா இருக்கு. ஒரு நாள் தர்மபுரி பஸ் ஏறி எங்கயாவது போயி, யாரும் 'ரூத்து'ன்னு கூப்பிடாத எடத்துல சும்மா உக்காந்திருந்தா போதும்னு தோணுது. சாயங்காலம் வேற ஊருக்கு முன்னாடி நின்னு படிக்கணும். எனக்கு பெலன் குடுங்க."

சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினேன். அப்போது எங்கோ தூரத்தில் ஒரு பெண் அழுவது மாதிரி கேட்டது. பாவம், விடியற்காலையில் யாருக்கு என்ன கஷ்டமோ என்று மனசு இளகி, "அழுவுற அந்தப் பொண்ணுக்கும் ஆறுதல் குடுங்க ஆண்டவரே" என்று அவளுக்காகவும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டேன்.

இந்த நேரத்தில் என் கணவர் எங்கே இருந்தார் என்று சொல்ல வேண்டும். முருகேசண்ணன் டீக்கடையில், கம்பத்துக்கு நேர் கீழே, கையில் டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். முதலில் குரலை அடையாளம் கண்டவர் அவரல்ல, முருகேசண்ணன். "ஜெயராஜு, நம்ம ரூத்தம்மா மாதிரி இருக்குது?" என்று கேட்டு முடிப்பதற்குள் மிக்ஸி வந்துவிட்டது. கடையில் இருந்த அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்களாம். அடுத்து பாலும் தண்ணீரும் வந்தன. அத்தனை பேரும் அப்படியே முருகேசண்ணன் பக்கம் திரும்பினார்களாம். அந்த இடைவெளியில் இவர் எழுந்து ஓட்டம் பிடித்தார்.

ஆலயக் கதவு இடிபட்டது.

"யாருங்க? ஜெபத்துல இருக்கேன்!" என்றேன். (இதுவும் பஸ் ஸ்டாண்டு வரை போனது.)

"ரூத்து! மைக்கு! மைக்கு!"

"மைக்கெல்லாம் செல்வம்தாங்க பாப்பாரு. அவரு ஒம்போது மணிக்கு வருவாரு." (இதுவும்.)

"அடியே, மைக்கு ஆன்ல இருக்குதுடி!"

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை 'டி' போட்டதில்லை. கண்ணைத் திறந்தேன். பீடத்தின் ஓரத்தில் ஆம்ப்ளிஃபயர் சிவப்பாகக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. மூக்கு நுனியில் மைக். என் ஜெபம் "ஐயையோ!" என்ற வார்த்தையோடு நிறைவடைந்தது. அதையும் ஊர் கேட்டது.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வந்தேன், வழியில் ஒரு மாட்டின் மேல் மோதிக்கொண்டேன் என்று மகள் சொல்வாள். உள்ளறைக்குள் போய்ப் படுத்துவிட்டேன். மாமியார் முகத்தை இனி எப்படிப் பார்ப்பேன்? குழம்பை விடுங்கள், ஒளித்துக் குடித்த டீயை ஊருக்கே அறிவித்திருக்கிறேன். வாழ்நாளெல்லாம் கூட இருக்க வேண்டிய மனுஷி. அன்று உண்மையிலேயே தர்மபுரி பஸ் ஏறிவிடலாம் என்றிருந்தது.

வாசலில் ஆட்கள் சேர்ந்துவிட்ட சத்தம் கேட்டது. "என்ன இருந்தாலும் மாமியாரை இப்படியா ஊர் முன்னால விட்டுக்குடுக்கறது" என்று ஒரு குரல் நீட்டி முழக்கியது. அடுத்து எஸ்தர் அத்தையின் குரல். அதற்கு மைக் தேவைப்படவில்லை.

"அவ யாருகிட்ட சொன்னா? கர்த்தருகிட்ட சொன்னா. நடுவுல காதை நீட்டுனது நீங்க. சர்க்கரை தின்னது நானு. தின்னேன், அதுக்கென்ன இப்ப? மாமியாருக்கு சுகர் கொறையணும்னு விடியறதுக்கு முன்ன முட்டி போடற மருமவ உங்கள்ல யாரு வூட்ல இருக்கறா? கை தூக்குங்க, பாக்கலாம்."

ஒரு கையும் எழவில்லை போலிருக்கிறது. பிறகு சபியா அக்கா படியேறி உள்ளே வந்தார். வலிக்கிற முட்டியோடு என் பாய் ஓரத்தில் சிரமப்பட்டு உட்கார்ந்தார்.

"ஏன் ரூத்து, நான் கத்தறது உங்க வூடு வரைக்குமா கேக்குது?"

"மன்னிச்சுக்குங்க அக்கா."

"எதுக்கு? என் வூட்ல இருக்கறவங்களுக்கே அது காதுல வுழுவல. நீ எனக்காக வேண்டியிருக்கற." அவர் கண் கலங்கியிருந்தது. என் கையை ஒரு தடவை இறுக்கிப் பிடித்துவிட்டுப் போனார்.

எல்லாரும் கலைந்த பிறகு மாமியார் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். முதல் தடவையாக அவர் குரல் தணிந்து கேட்டேன்.

"அந்த பஸ் சமாச்சாரம் நெஜமா?"

பொய் சொல்ல இனி என்ன இருக்கிறது? "ஆமாங்க அத்தை."

"தனியா போவாத. நானும் வரேன். ரெண்டு பேரும் உக்காந்துட்டு வரலாம். நான் உன்னக் கூப்பிட மாட்டேன்." சொல்லிவிட்டு என் தலையணையைப் பிடுங்கினார். "இப்ப எந்திரி. தலைய சீவு. சாயங்காலம் நீதான் படிக்கற."

வழக்கமாக எங்கள் கூட்டத்துக்கு முன்வரிசை நாற்காலிகள் நிறைந்தாலே பாஸ்டர் ஸ்தோத்திரம் சொல்லுவார். அன்று உட்கார இடமில்லாமல் ஜனங்கள் ரோட்டில் நின்றார்கள். இதுவரை எங்கள் ஆலயத்தை எட்டிப் பார்க்காதவர்களும் வந்திருந்தார்கள். எதற்கு வந்தார்கள் என்று எனக்கா தெரியாது? முருகேசண்ணன் கடையைச் சாத்திவிட்டுக் கைகட்டி நின்றார். கூட்டத்தைப் பார்த்ததில் பாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. நான் வேதப் பகுதியைத் தட்டுத்தடுமாறி வாசித்து முடித்து இறங்கப் போனபோது, "ரூத் அம்மா ஒரு ஜெபமும் செய்வாங்க" என்று அறிவித்துவிட்டார்.

மறுபடியும் அதே மைக். "தேவரீர்..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை. முன்வரிசையில் மாமியார் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, நிமிர்ந்து, 'சொல்லு' என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

"ஆண்டவரே, காலையில எல்லாரும் எல்லாத்தையும் கேட்டுட்டாங்க" என்றேன். கூட்டம் குபீரென்று சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். "இனிமே உங்ககிட்ட மறைச்சும் பிரயோஜனமில்ல, இவங்ககிட்ட மறைச்சும் பிரயோஜனமில்ல. எங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கஷ்டம் இருக்குது. யாரும் வெளிய சொல்றதில்ல. நீங்க கேட்டுக்குங்க." அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, விடியற்காலையில் விட்டுப்போன பெயர்களை எல்லாம் சொன்னேன். சிரிப்புச் சத்தம் எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை. காலையில் கேட்ட பெலன் என்னிடம் எப்போது வந்து சேர்ந்தது என்பதும் தெரியவில்லை. ஆனால் வந்திருந்தது.

மிக்ஸி அன்று இரவே ஓடியது. முருகேசண்ணன் கடையில் ஒரு மாதத்துக்குப் பால் கெட்டியாக இருந்ததாகச் சொல்கிறார்கள். அடுத்த வாரம் நானும் அத்தையும் தர்மபுரிக்குப் போய், பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தோம். சொன்னபடி அவர் என்னை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. பசித்தபோது முழங்கையால் இடித்தார்.

அன்றிலிருந்து என் கடைக்கு நகல் எடுக்க வருகிறவர்கள், எடுத்து முடித்த பிறகும் கொஞ்சம் நிற்பார்கள். ஆபரேஷன் இருக்கும், பிள்ளைக்குப் பரீட்சை இருக்கும், அல்லது காரணமே சொல்ல மாட்டார்கள். நான் பெயரைக் கேட்டு மனதில் வைத்துக்கொள்வேன். அது என் வேலைகளில் ஒன்றாகிவிட்டது. இந்த வேலையில் மட்டும் எனக்குக் களைப்பு வந்ததில்லை.

போன மாதம், படிப்பை முடித்துவிட்ட ஜெனிபரைப் பெண் பார்க்கக் கம்பைநல்லூரில் இருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா தயங்கித் தயங்கி, "குடும்பத்தைப் பத்திக் கொஞ்சம் தெரிஞ்சுக்கலாம்னு..." என்று இழுத்தார்.

என் கணவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "எங்க வூட்ல மறைக்க ஒண்ணும் இல்லீங்க. எங்க வூட்டம்மா எல்லாத்தையும் மைக்லயே சொல்லிட்டாங்க" என்று ஆரம்பித்து, மின்விசிறியில் இருந்து மாடு வரைக்கும் ஒன்று விடாமல், ஏதோ போரில் ஜெயித்துவிட்டு வந்தவர் மாதிரி மார்தட்டிச் சொன்னார். விட்ட இடங்களை மாமியார் எடுத்துக்கொடுத்தார்.

மாப்பிள்ளையின் அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுப்படிக்கு வந்து, பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்துவிட்டு, என் காதோரம் குனிந்தார்.

"அக்கா, எங்க மாமியாருக்காகவும் ஒரு ஜெபம் பண்ணுங்க. ஆனா கொஞ்சம் மெதுவா."